ஒட்டுக்கேட்பும் மேற்பார்வையும்: தகவல்தொடர்பு இடைமறிப்புச் சட்டத்தில் அந்தரங்க உரிமை – கிஷோர் வழக்குத் தீர்ப்பை (2025) முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

குடிமக்களின் தொலைபேசி உரையாடலையும் பிற தகவல்தொடர்புகளையும் அரசு இடைமறித்துக் கேட்பதற்கு இந்தியச் சட்டம் நிபந்தனைகளை விதித்துள்ளது. அந்நிபந்தனைகள் மீறப்படும்போது அம்மீறலைக் கண்டறியும் பொறுப்பு யாரிடம் உள்ளது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று கிஷோர் வழக்கில் வழங்கிய தீர்ப்பு இதற்கு முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் முதல் 2024ஆம் ஆண்டு இடைமறிப்பு விதிகள் வரையிலான வளர்ச்சி தொகுத்துரைக்கப்படுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும் பொறுப்புடைமை நெறி அதனுடன் ஒப்புநோக்கப்படுகிறது. ஆணையிடுவோரும் மறுஆய்வு செய்வோரும் ஒரே நிருவாகத்தின் உறுப்பினராக இருப்பதும், இடைமறிக்கப்பட்டவருக்கு அச்செய்தி தெரிவிக்கப்படாமையும் இச்சட்டத்தின் அடிப்படைக் குறைகள் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அந்தரங்க உரிமை, ஒட்டுக்கேட்பு, இடைமறிப்பு, மறுஆய்வுக் குழு, விதி 419-ஏ, உத்திரமேரூர்க் கல்வெட்டு, பொறுப்புடைமை

முன்னுரை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரின் அலைபேசியை எடுத்துக்கொள்வோம். புடவைக் கரையின் படம், சரிகை விலை, கூலி நிலுவை, கடன் கொடுத்தவரின் நினைவூட்டல், மகளின் கல்லூரிக் கட்டணம், மருத்துவரின் சீட்டு, கூட்டுறவுச் சங்கத் தேர்தல் பற்றிய பேச்சு ஆகிய அனைத்தும் அதில் இருக்கக்கூடும். ஒரு தலைமுறைக்கு முன்னர் இவை வீட்டுத் திண்ணை, சங்க அலுவலகம், தபால் அட்டை, கடைக் கணக்கேடு எனப் பல இடங்களில் பிரிந்து கிடந்தன. இன்று அவை ஒரே கருவியில் திரண்டுள்ளன. ஆகவே அக்கருவிக்குள் நுழையும் அதிகாரம், வீட்டுக்குள் நுழையும் அதிகாரத்தினும் பெரியதாகிவிட்டது.

இவ்விரு அதிகாரங்களுக்கும் இடையே மற்றொரு வேறுபாடும் உண்டு. வீட்டைச் சோதனையிட வரும் காவலர் கதவைத் தட்ட வேண்டும். அப்பகுதியினர் சாட்சியாக இருக்கச் சோதனையிட்டுக் கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் தர வேண்டும். அத்துமீறல் நிகழ்ந்தால் வீட்டுக்காரர் அன்றே வழக்கறிஞரை நாடலாம். உரையாடலை இடைமறிப்பவரோ கதவைத் தட்டுவதில்லை, சாட்சியும் இல்லை, பட்டியலும் இல்லை. தமக்கு ஒரு தீங்கு நேர்ந்தது என்பதையே அறியாதவர் அதற்குத் தீர்வு தேட இயலாது. எனவே இத்துறையில் உரிமையைக் காக்கும் முழுப் பொறுப்பும் மேற்பார்வை அமைப்பின்மீதே சுமத்தப்படுகிறது. அவ்வமைப்பு அப்பொறுப்பைச் சுமக்கும் நிலையில் உள்ளதா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல் ஆகும்.

இக்கட்டுரையில் ‘இடைமறிப்பு’ என்பது அனுப்புநருக்கும் பெறுநருக்கும் இடையே செல்லும் செய்தியை மூன்றாமவர் கைக்கொள்வதைக் குறிக்கும். அதன் ஒரு வகையான தொலைபேசி இடைமறிப்பு, வழக்கிலுள்ளவாறே ‘ஒட்டுக்கேட்பு’ எனப்படுகிறது. ஆய்வு விளக்கமுறையிலும் ஒப்பீட்டு முறையிலும் அமைகிறது.

மரபில் ஒற்றும் கணக்கும்

ஆட்சியில் ஒற்றின் இடத்தைத் தமிழ் மரபு மறைக்கவில்லை. திருக்குறள் பொருட்பால் 59ஆம் அதிகாரமாக ‘ஒற்றாடல்’ அமைகிறது. ஒற்றர் கொணர்ந்த செய்தியை அரசன் அப்படியே ஏற்கலாகாது. வேறோர் ஒற்றரைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாவண்ணம் இயங்க வேண்டும் என்பன அவ்வதிகாரத்தின் கருத்துகளுள் அடங்கும். அரசனுக்காகப் பணியாற்றுவோரும் அவனுடைய சுற்றத்தாரும் பகைவரோடு ஒருங்கே ஆராயப்பட வேண்டியோர் என்பதும் அங்குக் கூறப்படுகிறது. இங்குக் காணப்படும் சரிபார்ப்பு நெறி அரசனுக்குக் கிடைக்கும் செய்தியின் உண்மையைக் காப்பதற்கானது. ஒற்றப்படுபவரின் உரிமை அவ்வதிகாரத்தின் வினா அன்று. முடியாட்சிக் கால நூலில் அதை எதிர்பார்ப்பதும் பொருந்தாது. எனவே இக்காலக் கண்காணிப்புச் சட்டத்தை ஒற்றாடல் அதிகாரத்தைக் கொண்டு நியாயப்படுத்துவதோ கண்டிப்பதோ ஆய்வு நெறி ஆகாது.

அதிகாரம் பெற்றோரைக் கணக்குக் காட்டச் செய்யும் நெறிக்கு வேறு சான்று உண்டு. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (பொ.ஆ. 919, 921) சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறைக்காகவே இவை பெரிதும் பேசப்படுகின்றன. இக்கட்டுரைக்கு அவற்றின் தகுதியின்மை விதிகளே முதன்மையானவை. முன்னர் வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதோர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாகாது. அவர்களுடைய குறிப்பிட்ட உறவினரும் தேர்ந்தெடுக்கப்படலாகாது. கடந்த மூன்றாண்டுகளில் பொறுப்பில் இருந்தோரும் விலக்கப்பட வேண்டும். இரண்டாண்டு இடைவெளியில் வயது வரம்பு 30–60 என்பதிலிருந்து 35–70 என மாற்றப்பட்டிருப்பது, விதியைப் பயன்படுத்திப் பார்த்துத் திருத்தும் வழக்கம் இருந்ததைக் காட்டுகிறது.

இச்சபை நிலமுடைய அந்தணருக்கு மட்டும் உரிய பிரமதேயச் சபையாகும். பெண்களுக்கும் பிற சமூகத்தாருக்கும் அதில் இடமில்லை. எனவே அதை மக்களாட்சியின் தோற்றமாகப் போற்றுவது மிகையாகும். எனினும் கணக்குக் கேட்கும் இடத்தில் கணக்குக் காட்டாதவரின் உறவினர் அமரக் கூடாது என்ற நுண்மையான எச்சரிக்கை அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. இன்றைய இடைமறிப்புச் சட்டத்தை அளக்க இவ்வெச்சரிக்கை பயன்படும்.

1885 முதல் 1996 வரை

1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, செய்திகளை இடைமறிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. பொது அவசரநிலை தோன்றியிருத்தல் அல்லது பொதுப் பாதுகாப்பின் பொருட்டுத் தேவைப்படுதல் என்பவை அதற்கான வாயில்களாக வைக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வாயில்களுள் ஒன்றைக் கடந்த பின்னரும் நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றத் தூண்டுதலைத் தடுத்தல் ஆகியவற்றுள் ஒரு காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றது. அதாவது, இரு படிகளும் கடக்கப்பட வேண்டும். இரண்டாம் படியிலுள்ள காரணம் எவ்வளவு வலுவானதாயினும் முதற்படியைக் கடக்காத ஆணை செல்லாது.

இவ்வதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் நடைமுறை விதிகளை வகுக்கச் சட்டமே இடமளித்திருந்தும், விடுதலைக்குப் பின் அரை நூற்றாண்டாக அவை வகுக்கப்படவில்லை. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றிய மத்தியப் புலனாய்வுத் துறை அறிக்கை ஒன்று 1991இல் வெளியானதைத் தொடர்ந்து, மக்கள் குடியுரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, தொலைபேசி உரையாடல் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் அந்தரங்கத்தின் பகுதி என்றது. பொது அவசரநிலையும் பொதுப் பாதுகாப்பும் மறைவான நிலைமைகள் அல்ல. அவை மக்கள் அனைவரையும் பாதிப்பவை. நியாயமாகச் சிந்திக்கும் எவருக்கும் புலப்படுபவை என்றும் விளக்கியது.

அவ்வழக்கில் மனுதாரர் தரப்பு வேறொன்றையும் வேண்டியது. இடைமறிப்புக்கு முன்னர் நீதித்துறையின் ஒப்புதல் பெறப்பட வேண்டும் என்பதே அது. சட்டத்தில் அதற்கு வழிவகை இல்லை எனக் கூறி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மாறாக, உள்துறைச் செயலாளரே ஆணையிட வேண்டும், அரசுச் செயலாளர்களைக் கொண்ட மறுஆய்வுக் குழு அதை ஆராய வேண்டும் என்ற நடைமுறையை வகுத்தது. இவ்வழிகாட்டுதல்களின் வழியே தந்தி விதிகளில் 419-ஏ இடம்பெற்று, 2007இல் விரிவான வடிவம் பெற்றது. நீதித்துறை ஒப்புதல் கைவிடப்பட்ட அன்றே மேற்பார்வையின் இன்றைய குறை விதைக்கப்பட்டது எனலாம்.

விதி 419-ஏ-இன் கட்டமைப்பு தெளிவானது. ஒன்றிய அரசிலும் மாநில அரசிலும் உள்துறைச் செயலாளர் ஆணையிடுவார். ஆணை 60 நாள்கள் செல்லும். புதுப்பித்தாலும் மொத்தம் 180 நாள்களைக் கடக்கலாகாது. ஆணையின் படி ஏழு வேலைநாள்களுக்குள் மறுஆய்வுக் குழுவுக்கு அனுப்பப்பட வேண்டும். குழு இரு மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். ஆணை சட்டத்திற்கு முரணானதெனக் கண்டால் அதை நீக்கிப் பதிவுகளை அழிக்கச் செய்யலாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையாதல்

அந்தரங்க உரிமையின் சட்ட வரலாற்றில் தமிழகத்துக்குத் தனியிடம் உண்டு. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பாக எழுந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், தனித்து விடப்படும் உரிமை 21ஆம் உறுப்பில் உள்ளடங்கியது என 1994இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் 1954ஆம் ஆண்டு எம்.பி. சர்மா வழக்கும் 1962ஆம் ஆண்டு கரக் சிங் வழக்கும் அதனினும் பெரிய அமர்வுகளால் தீர்க்கப்பட்டவை ஆதலின், அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்ற ஐயம் நீடித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக அவ்வையத்தை நீக்கியது. அந்தரங்கத்தில் தலையிடும் அரசுச் செயலுக்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும். முறையான நோக்கம் வேண்டும். நோக்கத்துக்கும் வழிமுறைக்கும் விகிதப் பொருத்தம் வேண்டும். முறைகேட்டைத் தடுக்கும் நடைமுறைக் காப்பும் வேண்டும் என்பன அத்தீர்ப்பிலிருந்து பெறப்படும் அளவுகோல்கள்.

பன்னாட்டுச் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. 1948ஆம் ஆண்டு உலக மனித உரிமைப் பேரறிக்கையின் 12ஆம் உறுப்பும், இந்தியா 1979இல் ஏற்றுக்கொண்ட குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 17ஆம் உறுப்பும், கடிதத் தொடர்பில் தன்விருப்பப்படியான தலையீட்டைத் தடை செய்கின்றன. எட்வர்டு ஸ்நோடனின் வெளிப்படுத்தல்களுக்குப் பின், 2013 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவை, நேரிடையாக மக்களுக்குள்ள உரிமைகள் இணையவழித் தொடர்பிலும் காக்கப்பட வேண்டும் எனத் தீர்மானித்தது.

கிஷோர் வழக்கு

இவ்வளர்ச்சிகளின் பின்னணியில் கிஷோர் வழக்கு நோக்கத்தக்கது. 2011 ஆகஸ்ட் 12 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம், சென்னையிலுள்ள கல்வி நிறுவனம் ஒன்றின் அப்போதைய மேலாண்மை இயக்குநரது அலைபேசியை இடைமறிக்க ஆணையிட்டது. வருமான வரித்துறை உயரதிகாரி ஒருவருக்கு 50 இலட்சம் ரூபாய் கையூட்டு வழங்க முயன்றதாக மத்தியப் புலனாய்வுத் துறை அதே மாதம் வழக்குப் பதிந்தது. பணம் அதிகாரியின் தரப்பில் கைப்பற்றப்பட்டது. மனுதாரர் அவ்விடத்தில் இல்லை. இடைமறிப்பு ஆணையை எதிர்த்து அவர் தொடுத்த நீதிப்பேராணை மனுவை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்து 2025 ஜூலை 2 அன்று ஆணையை நீக்கினார்.

தீர்ப்பு மூன்று கூறுகளாக அமைகிறது. முதலாவது, இரு படிகளுள் முதற்படி கடக்கப்படவில்லை என்பது. கையூட்டுக் குற்றம் கடுமையானது. ஆயினும் அதைக் கண்டுபிடிப்பதற்கான மறைமுக நடவடிக்கை பொது அவசரநிலையும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது. குற்றங்களைக் கண்டறிவதற்கும் இவ்வதிகாரம் வேண்டும் என்றால் சட்டமன்றமே அதை வழங்க வேண்டும். நீதிமன்றம் பொருள்விரித்து வழங்க இயலாது. இரண்டாவது, இடைமறிக்கப்பட்டவை உரிய காலத்தில் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படாமையால் விதி 419-ஏ மீறப்பட்டது என்பது. மூன்றாவது, இவ்வாறு பெறப்பட்ட உரையாடல்களை எந்நோக்கத்திற்கும் பயன்படுத்தலாகாது என்பது. புலனாய்வுத் துறை தனித்துத் திரட்டிய பிற சான்றுகளை இத்தீர்ப்பு பாதிக்காது என்பதும் தெளிவுபடுத்தப்பட்டது. எனவே குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்த தீர்ப்பாக இதைக் கருதுவது பிழையாகும்.

மூன்றாவது கூறு சான்றுச் சட்டத்தில் புதிய போக்கைக் காட்டுகிறது. 1973ஆம் ஆண்டு மல்கானி வழக்கு முதலாக, முறைகேடாகப் பெறப்பட்ட சான்றும் தொடர்புடையதாயின் ஏற்கத்தக்கது என்ற கருத்தே ஓங்கியிருந்தது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், இடைமறிப்பு விதிகளைப் பின்பற்றாமையால் மட்டும் சான்று தள்ளப்படாது என்றது. ஆனால் விதியை மீறுவதால் எவ்விழப்பும் இல்லையெனில், விதியைப் பின்பற்றும் தூண்டுதல் அதிகாரிக்கு எங்கிருந்து வரும்? புட்டசாமி தீர்ப்புக்குப் பின், மும்பை உயர் நீதிமன்றம் வினித் குமார் வழக்கில் 2019இல் இடைமறிப்பு ஆணைகளை நீக்கிப் பதிவுகளை அழிக்கச் செய்தது. கிஷோர் வழக்கு அவ்வழியில் செல்கிறது.

எதிர்க் கருத்தும் உண்டு. கிஷோர் தீர்ப்புக்கு ஆறு நாள்களுக்கு முன்னர், 2025 ஜூன் 26 அன்று, தில்லி உயர் நீதிமன்றம் ஊழல் வழக்கு ஒன்றில் இடைமறிப்பு ஆணையை நிலைநிறுத்தியது. இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பொதுப்பணி ஒப்பந்தம் சார்ந்த ஊழல், அதன் பொருளாதார அளவின் காரணமாகப் பொதுப் பாதுகாப்பைத் தொடக்கூடியது என்பது அதன் நிலைப்பாடு. ஊழலின் கேட்டை மறுப்பார் இல்லை. எனினும் தொகையின் அளவைக் கொண்டு பொதுப் பாதுகாப்பை வரையறுத்தால், எத்தொகையில் அது தொடங்குகிறது என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை. எல்லை வகுக்கும் பணி ஆணையிடும் அதிகாரியின் மனநிலைக்கு விடப்படும். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு தவிர்க்க முயன்றது இந்நிலையையே ஆகும்.

மறுஆய்வுக் குழுவின் இயல்பும் சுமையும்

கிஷோர் வழக்கில் ஆணை பிறப்பிக்கப்பட்டது 2011இல். அது நீக்கப்பட்டது 2025இல். பதினான்கு ஆண்டுகள் இடைப்பட்டுள்ளன. மீறலை நீக்கியது மறுஆய்வுக் குழு அன்று, நீதிமன்றமே. நீதிமன்றம் அறிய நேர்ந்ததும், உரையாடல் குற்ற வழக்கில் சான்றாக முன்வைக்கப்பட்டு மனுதாரருக்குத் தெரியவந்தமையாலேயே. வழக்காக மாறாத இடைமறிப்புகளில் இவ்வாய்ப்பு எழாது. குற்றம் ஏதும் காணப்படாமையால் கைவிடப்பட்ட இடைமறிப்பே மிகுதியும் காரணமற்ற இடைமறிப்பாக இருக்கக்கூடும். குற்றம் சாட்டப்பட்டவர் ஆணையை எதிர்த்து வழக்காடலாம். குற்றமற்றவர் தாம் கேட்கப்பட்டதையே அறியார். இம்முரணே இச்சட்டத்தின் மையக் குறை.

மறுஆய்வுக் குழு இக்குறையை ஈடுசெய்யக்கூடுமா? ஒன்றிய அளவில் அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் சட்டத்துறை, தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர்கள் அக்குழுவில் உள்ளனர். மாநில அளவில் தலைமைச் செயலாளர் தலைமையில் சட்டத்துறைச் செயலாளரும் உள்துறைச் செயலாளர் அல்லாத வேறொரு செயலாளரும் உள்ளனர். உள்துறைச் செயலாளரை விலக்கியதால், தம் செயலைத் தாமே ஆராயலாகாது என்ற நெறியை விதி அறிந்துள்ளது புலனாகிறது. ஆயினும் அந்நெறி பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஆணையிடுபவரும் ஆராய்பவரும் ஒரே அரசின் அலுவலர். ஒரே அமைச்சரவைக்குப் பொறுப்புடையோர். நீதிபதியோ, எதிர்க்கட்சி உறுப்பினரோ, அரசு சாராத வல்லுநரோ குழுவில் இல்லை. கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் விலக்கிய உத்திரமேரூர்ச் சபையின் எச்சரிக்கை இங்கு எண்ணத்தக்கது.

இயல்பினும் பெரிய தடை சுமையாகும். தரவுப் பாதுகாப்புச் சட்ட வரைவுக்காக அமைக்கப்பட்ட நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு, 2018ஆம் ஆண்டு அறிக்கையில், மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 வரையிலான ஆணைகளை ஆராய வேண்டியுள்ளது எனச் சுட்டி, அது நடைமுறைக்கு ஒவ்வாத பணி என்றது. கூட்டம் எட்டு மணிநேரம் இடைவிடாது நடந்தது எனக் கொண்டாலும் 28,800 நொடிகளே கிடைக்கும். ஓர் ஆணைக்கு இரண்டு நொடியும் கிட்டாது. பெயரையும் எண்ணையும் படித்து முடிக்கவே அது போதாது. ‘பொது அவசரநிலை உள்ளதா?’, ‘வேறு வழியில் செய்தியைப் பெற இயலாதா?’ என்ற வினாக்களை எழுப்ப நேரம் ஏது? காகிதத்தில் உள்ள காப்பு நடைமுறையில் காப்பாகாமை இதனால் விளங்கும்.

புதிய சட்டங்களும் பழைய அமைப்பும்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, 2008ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், கணினி வழிச் செய்திகளை இடைமறிக்கவும் மறைகுறியை நீக்கச் செய்யவும் அதிகாரம் அளிக்கிறது. தந்திச் சட்டத்தின் முதற்படியான பொது அவசரநிலையும் பொதுப் பாதுகாப்பும் இதில் இல்லை. எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்கும் என்ற சொற்கள் சேர்க்கப்பட்டுள்ளன. எனவே ஒருவர் அலைபேசியில் பேசினால் இரு படிகளின் காப்பு உண்டு. அதையே மின்னஞ்சலில் எழுதினால் ஒரு படியே உண்டு. 2018 டிசம்பர் 20 அன்று இப்பிரிவின் கீழ்ப் பத்து அமைப்புகளுக்கு அதிகாரம் வழங்கி உள்துறை அமைச்சகம் ஆணை வெளியிட்டது. இவ்விடைமறிப்புகளையும் தந்தி விதியின் மறுஆய்வுக் குழுவே ஆராய வேண்டும் என 2009ஆம் ஆண்டு விதிகள் கூறுவதால் சுமை மேலும் கூடுகிறது.

2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் தந்திச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. அதன் 20ஆம் பிரிவு இரு படி முறையைத் தக்கவைத்துள்ளது. பேரிடர் மேலாண்மையும் பொது அவசரநிலையில் சேர்க்கப்பட்டுள்ளது. 2024 டிசம்பரில் வெளியான இடைமறிப்பு விதிகளில் ஒரு முன்னேற்றம் உண்டு. அவசரத்தின் பொருட்டு முன் ஆணையின்றித் தொடங்கிய இடைமறிப்பு உரிய நாள்களுக்குள் உறுதிசெய்யப்படாவிட்டால், பெற்ற செய்தியை நீதிமன்றச் சான்றாகவும் பயன்படுத்தலாகாது. ஆனால் மறுஆய்வுக் குழு முன்போலவே செயலாளர்களால் ஆனது. நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் சட்டம் மாறியபோதும் மேற்பார்வையின் இயல்பு மாறவில்லை.

உரையாடலின் உள்ளடக்கத்தைக் கேளாமலே ஒருவரை அறியவும் இயலும். யார் யாரை எப்போது, எவ்வளவு நேரம், எவ்விடத்திலிருந்து அழைத்தார் என்பதைக் காட்டும் அழைப்பு விவரப் பதிவுகள் அத்தகையவை. முன்னர்ச் சுட்டிய நெசவாளர் வட்டிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் சங்க அலுவலகத்துக்கும் செய்த அழைப்புகளின் பட்டியல், அவருடைய கடனையும் நோயையும் சார்பையும் ஒருங்கே காட்டிவிடும். இப்பதிவுகள் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஆவணம் கோரும் அதிகாரத்தின் வழியே பெறப்படுகின்றன. உள்துறைச் செயலாளரின் ஆணையோ மறுஆய்வுக் குழுவின் ஆய்வோ அவற்றுக்கு இல்லை.

பிற நாட்டு நெறிகள்

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978ஆம் ஆண்டு கிளாஸ் வழக்கில் ஜெர்மானியச் சட்டத்தை ஏற்றது. எனினும் முறைகேட்டுக்கு எளிதில் இடமளிக்கும் இத்துறையில் மேற்பார்வையை நீதிபதியிடம் ஒப்படைப்பதே கோட்பாட்டளவில் விரும்பத்தக்கது என்றது. ஜெர்மனியில், நோக்கத்துக்கு இடையூறு நேராத நிலையில், இடைமறிக்கப்பட்டவருக்குப் பின்னர் அறிவிக்கும் வழக்கம் உண்டு. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுச் சட்டம் குற்றப் புலனாய்வுக்கான ஒட்டுக்கேட்புக்கு நீதிபதியின் ஆணையைக் கட்டாயமாக்கியது. இடைமறிப்பு முடிந்து 90 நாள்களுக்குள் உரியவருக்கு அறிவிப்பு தரப்பட வேண்டும். நீதிபதி அதை ஒத்திவைக்கலாம். அந்நாட்டின் தேசப் பாதுகாப்புக் கண்காணிப்புக்கு இக்காப்பு இதே அளவில் இல்லை. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் அமைச்சரின் ஆணைக்கு நீதித்துறை ஆணையர் ஒருவரின் ஒப்புதலை வேண்டுகிறது.

நமக்கு மிக நெருங்கிய சான்று தென்னாப்பிரிக்கா. இந்தியாவைப் போன்றே காலனிய அடக்குமுறையை அறிந்த அந்நாட்டில், இதழாளர் ஒருவர் தம் உரையாடல் இடைமறிக்கப்பட்டதைப் பிறிதொரு வழக்கின் ஆவணத்தால் அறிந்தார். 2021 பிப்ரவரி 4 அன்று அமாபுங்கானே வழக்கில் அரசமைப்பு நீதிமன்றம், இடைமறிப்புக்குப் பின் உரியவருக்கு அறிவிக்க வழிவகை இல்லாமை அச்சட்டத்தை அரசமைப்புக்கு முரணாக்குகிறது எனத் தீர்ப்பளித்தது. இதழாளரின் செய்தி மூலங்களையும் வழக்கறிஞர்–கட்சிக்காரர் உரையாடலையும் காக்கும் தனி ஏற்பாடு இல்லாமையும் குறையாகச் சுட்டப்பட்டது.

மறுப்புகளும் விடைகளும்

நீதித்துறை ஒப்புதலுக்கு எதிராகப் பொதுவாக மூன்று மறுப்புகள் கூறப்படுகின்றன. முதலாவது காலத்தாழ்வு. அவசர நிலையில் முன்னர்ச் செயற்பட்டுப் பின்னர் ஒப்புதல் பெறும் வழி இன்றைய விதியிலேயே உள்ளது. உறுதிசெய்பவர் செயலாளருக்கு மாற்றாக நீதிபதி என ஆவதால் அவ்வழி அடைபடாது. இரண்டாவது இரகசியம். காவலடைப்பு முதலிய பல பொருள்களில் நீதிபதிகள் அன்றாடம் இரகசிய ஆவணங்களைக் கையாள்கின்றனர். பெகாசஸ் வழக்கில் 2021 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம், தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை எழுப்பிய அளவில் நீதிமன்ற ஆய்விலிருந்து அரசு விலக்குப் பெற்றுவிடாது என்றது. மூன்றாவது, அறிவிப்பு புலனாய்வைக் கெடுக்கும் என்பது. புலனாய்வு முடிந்த பின் அறிவிக்கவும், தேவையாயின் நீதிபதி ஒத்திவைக்கவும் இடமளித்தால் இவ்வச்சம் நீங்கும்.

மறுப்புகளுள் வலுவானது நீதிபதிகளின் எண்ணிக்கைக் குறை. ஆயினும் ஒரு கூட்டத்தில் பதினையாயிரம் ஆணைகள் வருவது நீதிபதிகள் போதாமையைக் காட்டுவதைவிட ஆணைகளின் மிகுதியையே காட்டுகிறது. ஒவ்வோர் ஆணைக்கும் காரணம் காட்டி ஒப்புதல் பெற வேண்டிய நிலை வந்தால், காரணமற்ற கோரிக்கைகள் தாமே குறையும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. இந்தியாவில் இடைமறிப்புக்கு விதிகள் இல்லை என்பது சரியன்று. விதிகளின் மீறலைக் காணும் கண் விதியை நடைமுறைப்படுத்துவோரிடமே உள்ளது என்பதே குறை. கிஷோர் வழக்கு அரசமைப்பின் வலிமையைக் காட்டுவது போலவே மறுஆய்வு அமைப்பின் தோல்வியையும் காட்டுகிறது. ஒரு மீறல் வெளிப்படப் பதினான்கு ஆண்டுகளும் ஒரு குற்ற வழக்கும் தேவைப்பட்டன.

எனவே, இடைமறிப்பு ஆணைக்கு நீதித்துறை ஒப்புதல் வேண்டும். மறுஆய்வுக் குழுவில் அரசு சாராதோர் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். இடைமறிப்பு முடிந்தபின் உரியவருக்கு அறிவிக்க வேண்டும். ஆணைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வைக்கப்பட வேண்டும். அழைப்பு விவரப் பதிவுகளும் இக்காப்புக்குள் கொணரப்பட வேண்டும். இவற்றுள் ஒன்றை மட்டும் முதலில் செய்ய இயலுமாயின், பின்னறிவிப்பே முதலிடம் பெறத் தகும். பாதிக்கப்பட்டவர் அறிந்தாலன்றிப் பிற காப்புகள் எவையும் இயங்கா.

பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன் உத்திரமேரூர்ச் சபையார் தம் விதிகளை ஊரார் காணும் கோயிற் சுவரில் வெட்டிவைத்தனர். கணக்குக் காட்டாதவர் யாவர் என்பதை ஊர் அறிந்தால்தான் அவரை விலக்க இயலும். பிள்ளையார்பாளையத்து நெசவாளரின் உரையாடலை அரசு கேட்க நேர்ந்தது உண்மையிலேயே தேவையாக இருந்திருக்கலாம். அத்தேவையை அவரிடம் ஒருநாள் எடுத்துரைக்க முடியாத அரசு, அதை நீதிபதி ஒருவரிடமேனும் முன்கூட்டியே எடுத்துரைத்திருக்க வேண்டும்.